நாலு மணிக்கு ஒரு விசில்!

1

செல்போன் அலறியது.

ஒரு காலில் செருப்பை மாட்டி, மறு கால் செருப்பைக் கட்டிலுக்கு அடியில் தேடிக்கொண்டிருந்த பொன்னுத்தங்கம் குனிந்தபடியே போனை எடுத்தாள்.

மறுமுனையில் முனியராஜ். தீப்பெட்டிக் கம்பெனியில் போர்மேன். சிவகாசி வட்டார மகளிர் கபடி லீக்கின் இணைச் செயலாளர். பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டான். இன்றைக்கு ஆரம்பிக்கவே திணறினான்.

"அக்கா... ரெப்ரி ரூமுக்கு டீ கொண்டு போனேன்..."

"நல்லசிவம் அண்ணாச்சிக்கா? மேட்ச் முடியற வரைக்கும் அவரு யார் கையாலயும் பச்சத்தண்ணி வாங்க மாட்டாரேலே."

"வாங்குறதுக்கு ஆளே இல்லக்கா. கதவு தொறந்து கெடக்கு. பெஞ்சு கவுந்து கெடக்கு. விசில் தரையில கெடக்கு..."

"அண்ணாச்சி எங்க?"

"அண்ணாச்சி இல்ல. சட்டை மட்டும் இருக்கு. சட்டை முழுக்க ரத்தம்."

பொன்னுத்தங்கம் நிமிர்ந்தாள். கட்டில் சட்டம் நங்கென்று தலையில் இடித்தது. வலிக்கவில்லை. வலிக்க நேரமில்லை.

மாலை நாலு மணிக்கு இறுதிப் போட்டி!

2

பொன்னுத்தங்கத்துக்குத் திருத்தங்கலில் ஒரு ஆப்செட் அச்சகம். பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அடிப்பது பிழைப்பு. கபடி லீக் உயிர்.

அந்த லீக் ஒரு காலத்தில் ரத்தினசாமியின் வீட்டு விசேஷம் போல நடந்துகொண்டிருந்தது. பெரிய பட்டாசு முதலாளி. பந்தல் அவருடையது, மைக் அவருடையது, நடுவர் அவருடைய மச்சான். கோப்பை யாருக்கு என்பது மேட்ச் தொடங்குமுன்பே ஊருக்குத் தெரியும்.

பொன்னுத்தங்கம் உள்ளே வந்தாள். கழகத்துக்குச் சட்டதிட்டம் எழுதினாள். தேர்தல் வைத்தாள். வீராங்கனைகளுக்குக் காப்பீடு, மருத்துவ உதவி, யார் எந்த வேலைக்குப் பொறுப்பு என்ற ஏற்பாடு, ஒவ்வொரு பொறுப்புக்கும் ஒரு மாற்று ஆள். ஆம்புலன்ஸ் டிரைவருக்குக்கூட மாற்று வைத்தாள்.

ரத்தினசாமியை கௌரவத் தலைவர் என்ற அழகான நாற்காலியில் உட்கார வைத்து, அதிகாரத்தை மட்டும் லாவகமாக உருவிக்கொண்டாள். அந்தக் கோபம் அவருக்கு இன்னும் ஆறவில்லை.

இன்றைக்கு மாநிலக் கழகத்தின் பார்வையாளர் பிரபாகரன் சென்னையிலிருந்து வந்திருக்கிறார். இறுதிப் போட்டி ஒழுங்காக நடந்தால் லீக்குக்கு அங்கீகாரம். அங்கீகாரம் கிடைத்தால் இங்கே ஆடிய பெண்களின் சான்றிதழ் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்குச் செல்லும். கிடைக்காவிட்டால் அந்தச் சான்றிதழில் சீரகம் மடித்துக் கொடுக்கலாம்.

பட்டாசுக் கம்பெனியில் திரி சுற்றும் ஓவியா, 'திருத்தங்கல் சரவெடி' அணியின் கேப்டன். அவளுக்கு வயது வரம்பு இந்த வருடத்தோடு சரி. அடுத்த வருடம் அங்கீகாரம் வந்தால் அவளுக்கு அதனால் பயனில்லை.

இதெல்லாம் ஸ்கூட்டர் ஓட்டியபடியே பொன்னுத்தங்கத்தின் தலைக்குள் ஓடியது. எல்லாவற்றுக்கும் மாற்று வைத்தவள், தலைமை நடுவருக்கு மட்டும் வைக்கவில்லை. மாநிலத் தகுதி பெற்ற நடுவர் இந்த வட்டாரத்தில் நல்லசிவம் ஒருவர்தான். பக்கத்து வட்டாரத்து இருவரும் வேறு போட்டிக்காக வெளி மாநிலம் போயிருந்தார்கள்.

தன்மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது.

3

நடுவர் அறை வாசலில் சப்-இன்ஸ்பெக்டர் பாண்டிராஜ் நின்றிருந்தார். இளைஞர். மீசையைப் பார்த்தால் மட்டும் இன்னும் பத்து வயது கூடத் தெரியும்.

"யாரும் உள்ள வராதீங்க. மதுரையில இருந்து தடயவியல் ஆளுங்க வந்துட்டிருக்காங்க. மேடம், நீங்க மட்டும் வாசல்ல நின்னு பார்த்துச் சொல்லுங்க. இந்தச் சட்டை அவரோடதுதானா?"

பொன்னுத்தங்கம் எட்டிப் பார்த்தாள்.

நடுவரின் வெள்ளைச் சட்டை நாற்காலியில் தொங்கியது. நெஞ்சிலும் கையிலும் திட்டுத் திட்டாகச் சிவப்பு. தரையில் ஒரு சிவப்புக் கோடு கதவு வரை இழுத்துக்கொண்டு வந்து, அங்கே நின்றுபோயிருந்தது.

"அவரு சட்டைதான்."

"அவருக்கு யாராவது விரோதி?"

"நேர்மையான ரெப்ரிக்கு விரோதிக்கா சார் பஞ்சம்?"

"பேரு சொல்லுங்க."

அவள் சொல்வதற்குள் பின்னாலிருந்து கனைப்புச் சத்தம் கேட்டது. ரத்தினசாமி. சலவை வேட்டி, சந்தனப் பொட்டு.

"எம் பேரைத்தான் சொல்லப்போறாக. நானே வந்துட்டேன்."

பாண்டிராஜ் திரும்பினார். "அரையிறுதியில உங்க சரவெடி டீமுக்கு நடுவர் மஞ்சள் அட்டை காட்டினாராம். பைனல்ல அந்த ஆளு எப்படி விசில் ஊதுறான்னு பார்த்திருவோம்னு நீங்க சத்தம் போட்டீங்களாம்."

"போட்டேன். அதுக்குப் பெறகுதான நேத்துக் கமிட்டி மீட்டிங்ல ஒரு கேள்வி கேட்டேன். இந்த ஊருல யாரு யாருக்கு மாமன், யாரு யாருக்கு மச்சான்னே தெரியாது, ரெப்ரி நடுநிலைன்னு எப்படி நம்புறதுன்னு. இந்தம்மா உடனே ஒரு சட்டம் போட்டாக."

"என்ன சட்டம்?"

பொன்னுத்தங்கமே பதில் சொன்னாள். "பைனலுக்கு முன்னால ரெப்ரி மைக்ல நின்னு சொல்லணும். ரெண்டு டீமுலயும், கழக நிர்வாகத்துலயும் எனக்கு உறவுக்காரங்க யாரும் இல்லைன்னு. ஊரு பூரா கேக்கணும்."

"அதுக்கு நல்லசிவம் சம்மதிச்சாரா?"

"தலையை ஆட்டினாரு. மொகந்தான் ஒரு மாதிரியாப் போச்சு. வெயில்ல அலைஞ்ச களைப்புன்னு நெனச்சேன்."

பாண்டிராஜ் மறுபடி ரத்தினசாமியைப் பார்த்தார். ரத்தினசாமி நிதானமாகச் சொன்னார்:

"நான் சத்தம் போடுவேன் சார். ஆளைத் தூக்க மாட்டேன். தூக்குற ஆளா இருந்தா இந்த லீக்கை எங்கிட்ட இருந்து பறிச்ச அன்னைக்கே இந்தம்மாவைத் தூக்கியிருப்பேன்."

பொன்னுத்தங்கம் அதைக் காதில் வாங்கவில்லை. ஜன்னல் வழியாக வெயில் நகர்ந்து வந்து சட்டையின் மேல் விழுந்திருந்தது.

சட்டை மின்னியது.

ரத்தம் மின்னுமா?

காய்ந்த ரத்தம் பழுப்பாகும். இது குங்குமச் சிவப்பாகவே இருந்தது. அதற்குள் பொடிப் பொடியாகப் பொன்னிறம் வேறு. தீபாவளி கிப்ட் பாக்ஸ் லேபிளுக்காக மெஜந்தாவில் மஞ்சளைக் கலந்து, பொன்பவுடர் தூவி, நேற்று சாயங்காலம் அவளே அவள் கையால் கலக்கிய மை!

அந்தக் கலர் சிவகாசியில் வேறு எந்த அச்சகத்திலும் கிடையாது.

4

சொல்லிவிடலாமா?

சொன்னால் முதல் சந்தேகம் அவள் அச்சகத்தின் மேல். அச்சகத்துக்கு சீல். செயலாளர் போலீஸ் ஸ்டேஷனில். இறுதிப் போட்டி அதோகதி. ஓவியாவின் வேலையும் அதோடு போச்சு.

சொல்லாவிட்டால் ஒரு மனுஷன் உயிர்... இல்லை. மையைக் கொட்டி ரத்தம் என்று காட்டுகிறவன் உண்மையில் ரத்தம் சிந்த வைத்திருக்க மாட்டான். அந்த மட்டுக்கும் அவள் மூச்சு விட்டாள்.

போன் ஒலித்தது. புது நம்பர்.

பாண்டிராஜ் கண்ணைக் காட்டினார். ஸ்பீக்கரில் போட்டாள்.

"செயலாளரம்மாவா பேசுறது?" வாயில் துண்டை வைத்துக்கொண்டு பேசுகிற குரல்.

"ஆமா. யாரு?"

"யாருங்கிறது முக்கியமில்ல. நடுவர் எங்க கஸ்டடியில பத்திரமா இருக்காரு. பைனலை வேற ரெப்ரி வச்சு நடத்துங்க. நல்லசிவம் விசில் ஊதக்கூடாது. மேட்ச் முடிஞ்சதும் பஸ் ஏத்தி விட்டுருவோம்."

பின்னணியில் உறுமி மேளம். யாரோ வளையல் விலை கேட்கும் சத்தம்.

பொன்னுத்தங்கம் குரலை இறுக்கிக்கொண்டாள். "அவரை ஏதாச்சும் செஞ்சீகன்னா..."

"சே, சே. ஒண்ணும் செய்யலம்மா. நீங்க பதறாதீக. ஆமா... வெறும் வயித்துலயா அலையுறீக? பிரஷர் மாத்திரை போட்டீகளா?"

லைன் கட்டானது.

பாண்டிராஜ் போனையே முறைத்துப் பார்த்தார். "என் சர்வீஸ்ல இப்படி ஒரு கடத்தல்காரனைப் பார்த்ததில்ல மேடம். ரொம்பப் பாசக்காரனா இருக்கான்."

இந்த உலகத்தில் அவளிடம் பிரஷர் மாத்திரையைப் பற்றிக் கேட்கிற ஆண்பிள்ளை ஒரே ஒருவன்தான். அவனுக்குத்தான் அவள் கழுத்தை நீட்டியிருந்தாள்.

"நம்பரை டிரேஸ் பண்ணச் சொல்றேன். நீங்க எங்க மேடம் கிளம்பிட்டீங்க?"

"மாத்திரை போடணும் சார்" என்றாள் பொன்னுத்தங்கம். ஸ்கூட்டர் கிளம்பிவிட்டது.

5

அச்சகத்தில் மூத்த மகள் கீர்த்திகா மட்டும் இருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். படித்த பெண், எதற்கும் அசராதவள். இப்போது துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

மை டப்பா மூடி சரியாக மூடாமல் கிடந்தது. கரண்டியால் வழித்த தடம்.

"அப்பா எங்க?"

"இருக்கன்குடிக்கும்மா. ஆடி மாசம்ல. நேர்த்திக்கடன்."

"விடியும் முன்ன எந்திரிச்சு சாம்பார் வச்சேன், கூட்டு வச்சேன். சட்டி ரெண்டும் காலி. பெரிய கேரியரைக் காணோம். அம்மனுக்கு என் சாம்பாரைப் படைக்கிறதாவா உங்க அப்பா நேர்ந்துக்கிட்டாரு?"

கீர்த்திகா மை டப்பா மூடியை எடுத்து அழுத்தி மூடினாள்.

"கீர்த்தி. உங்க அப்பா ஒரு ஆளைக் கடத்தியிருக்காரு."

"கடத்தலம்மா. அவுகளாத்தான் போனாக."

சொன்ன பிறகுதான் கீர்த்திகா வாயைப் பொத்தினாள்.

பொன்னுத்தங்கம் மகளை மேலும் கீழும் பார்த்தாள். கேள்வி ஒன்று தொண்டை வரை வந்தது. அதை விழுங்கினாள். பாதி உண்மையைக் கேட்டு நிற்க நேரமில்லை.

"வண்டியில ஏறு."

சாத்தூர் ரோட்டில் ஸ்கூட்டர் பறந்தது. கூம்பு ஒலிபெருக்கி கட்டிய வேன்களையும் மஞ்சள் சேலைக் கூட்டத்தையும் தாண்டித் தாண்டிப் பறந்தது. அவள் புருஷன் செந்தூர்பாண்டி ஒரு பூச்சியை அடிக்கக்கூட யோசிக்கிற மனுஷன். அச்சகத்தில் மெஷின் சத்தம் கூடினால் வெளியே போய் நிற்பான். அவனை யாரோ மிரட்டியிருக்கவேண்டும். ரத்தினசாமியாக இருக்குமோ? அச்சகத்துக்கு ஆர்டர் தரமாட்டேன் என்று சொல்லியிருப்பாரோ?



6

இருக்கன்குடியில் திருவிழாக் கூட்டம். ஆற்று மணலில் கூடாரங்கள், வேப்பிலை, பொங்கல் புகை, உறுமி.

ஒரு வளையல் கடைக்குப் பின்னால் தார்ப்பாய்க் கூடாரம். அதன் வாசலில் அவர்கள் வீட்டுப் பெரிய கேரியர் அடுக்கடுக்காகப் பிரிந்து கிடந்தது.

பொன்னுத்தங்கம் தார்ப்பாயை விலக்கினாள்.

கைகால் கட்டிப் போட்டிருப்பார்கள் என்று நினைத்தாளே, அந்த நல்லசிவம் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். முன்னால் வாழை இலை. இலை நிறையச் சோறு. சோற்றில் அவளுடைய சாம்பார். கை நிறைய அள்ளி வாய்க்குக் கொண்டுபோகும் நேரத்தில் அவளைப் பார்த்துவிட்டார்.

பக்கத்தில் செந்தூர்பாண்டி கரண்டியோடு உறைந்து நின்றான்.

"தங்கம்... நீ எப்படி இங்கன..."

"மாத்திரை போட்டாச்சு. அதைச் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

நல்லசிவம் மெதுவாகச் சோற்றை இலையில் வைத்தார். "வாங்க சம்பந்திம்மா."

அந்த வார்த்தை கூடாரத்துக்குள் விழுந்து கிடந்தது. யாரும் அதை எடுக்கவில்லை.

பொன்னுத்தங்கம் இலையைப் பார்த்தாள். யார் கையாலும் பச்சைத்தண்ணீர் வாங்காத மனுஷர். அவள் வீட்டுச் சோற்றில் கை நனைத்திருக்கிறார். சம்பந்தம் பேசப் போகிற இடத்தில் பேச்சு முடியாமல் யாரும் கை நனைக்க மாட்டார்கள். நனைத்தால் முடிந்தது என்று அர்த்தம்.

மெல்லத் திரும்பி மகளைப் பார்த்தாள். கீர்த்திகாவின் கண் நிறைந்திருந்தது.

"அவுக மகன் சிவநேசன்மா. போஸ்டர் அடிக்க வந்தப்போ பழக்கம். ஆனியிலேயே அப்பாவும் மாமாவும் பேசி முடிச்சிட்டாக. உங்கிட்ட சொல்றதுக்குள்ள ஆடி பொறந்திருச்சு."

"ஆடியில கல்யாணப் பேச்சை எடுத்தா நீ அபசகுனம்னு தட்டி விட்டுருவ" என்றான் செந்தூர்பாண்டி. "ஆவணி ஒண்ணாந்தேதி விடிஞ்சதும் சொல்லலாம்னு இருந்தோம். அதுக்குள்ள நீ அந்த மைக் சட்டத்தைப் போட்டுட்ட."

நல்லசிவம் கையைக் கழுவிவிட்டு வந்தார். "நான் ஊரறிய மைக்ல நின்னு நிர்வாகத்துல எனக்கு உறவில்லைன்னு எப்படிம்மா சொல்ல? செயலாளரே சம்பந்தி. உண்மையைச் சொன்னா புள்ளைக கல்யாணம் தெருவுக்கு வந்துரும். பொய் சொல்ல எனக்கு நாக்கு வராது. என்ன செய்யன்னு இந்தா, இந்த மச்சான்கிட்ட கேட்டேன். பஸ்ல ஏறுங்கன்னாரு. ஏறுனேன்."

"சட்டை முழுக்க ரத்தத்தைக் கொட்டிட்டா ஏறினீக?"

"ரத்தமா? என்ன ரத்தம்?"

எல்லோரும் செந்தூர்பாண்டியைப் பார்த்தார்கள்.

"சும்மா காணாமப் போனா தேடுவாக" என்றான் அவன் கரண்டியைப் பார்த்துக்கொண்டு. "கடத்திட்டாங்கன்னா வேற ரெப்ரி போட்டுருவாகன்னு நெனச்சேன். கொஞ்சம் மையைத் தெளிச்சு விட்டேன். நடுராத்திரி வரைக்கும் யோசிச்ச பிளானு."

நல்லசிவம் அவனைப் பார்த்த பார்வையில் சிவப்பு அட்டையே இருந்தது.

பொன்னுத்தங்கம் மணலில் உட்கார்ந்துவிட்டாள். கோபம் வரும் என்று நினைத்தாள். அழுகைதான் வந்தது. ஊர் முழுக்க நம்பிப் பொறுப்பைக் கொடுத்திருக்கிறது. சொந்த வீட்டில் ஆனியிலிருந்து ஒரு நல்ல சேதியை அவளுக்குப் பயந்து ஒளித்து வைத்திருக்கிறார்கள். அது அவளைச் சுட்டது.

"நான் அம்புட்டு பொல்லாதவளாங்க?"

"பொல்லாதவ இல்ல தங்கம். வீட்டுலயும் செயலாளராவே இருக்க."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

தார்ப்பாய் மறுபடி விலகியது. பாண்டிராஜ்! பின்னால் வளையல் கடைக்காரர் தன் போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"டிரேஸ் பண்ணி வந்துட்டேன்" என்றார் பாண்டிராஜ். இலையைப் பார்த்தார், கேரியரைப் பார்த்தார், கலங்கிய கண்களைப் பார்த்தார். "யாராவது ஒருத்தர் சொல்லுங்க. இது கடத்தல் கேஸா, கல்யாண கேஸா?"

7

பொன்னுத்தங்கம் பிரபாகரனுக்குப் போன் போட்டாள்.

"சார், ரெப்ரி கிடைச்சுட்டாரு. ஆனா அவரு விலகிக்கிட்டா வேற யாரை வச்சு..."

"மாநிலத் தகுதி உள்ள நடுவர் வேணும் மேடம். இல்லைன்னா அது பைனல் கிடையாது, பொழுதுபோக்கு. நாலு மணிக்கு விசில் ஊதலைன்னா நான் கிளம்பிடுவேன்."

போனை வைத்தாள்.

நல்லசிவம் வருத்தத்தோடு தலையை அசைத்தார். "வழி இல்லம்மா. நிர்வாகத்துல உறவு இருக்கிறவன் ஊதக்கூடாது. சட்டம் சட்டந்தான்."

"நிர்வாகத்துல இருக்கிறவ உறவுன்னாத்தான அண்ணாச்சி?"

"ஆமா."

"நிர்வாகத்துல இல்லாதவ உறவா இருந்தா?"

நல்லசிவத்துக்குப் புரிந்தது. செந்தூர்பாண்டிக்கும் புரிந்தது. கரண்டி கை நழுவி விழுந்தது.

"தங்கம், வேணாம். அந்த லீக்கு உன் உசுரு. நான் ஸ்டேஷனுக்குப் போறேன். என்ன வேணா கேஸ் போடட்டும்."

"கேஸ் போட்டா ஓவியாவுக்கு வேலை கெடைக்குமா? எந்திரிங்க."

அவள் எழுந்து சேலையில் ஒட்டிய மணலைத் தட்டினாள். மனசு இடிந்துதான் போயிருந்தது. கால் மட்டும் திடமாக நடந்தது.

பாண்டிராஜின் ஜீப் முன்னால் சைரன் ஊதிக்கொண்டு போக, ஸ்கூட்டர் பின்னால் போனது.

8

மைதானம் நிறைந்திருந்தது. ஷிப்ட் முடிந்த பெண்கள் கையில் ஒட்டிய அலுமினியப் பவுடரோடு அப்படியே வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பக்கம் சரவெடி. மறுபக்கம் 'விருதுநகர் காரவத்தல்'.

நடுவர் உயிரோடு நடந்து வருவதைக் கண்டதும் கூட்டம் எழுந்து கத்தியது.

நல்லசிவம் மைக்கைத் தொடப்போனார். அதற்குமுன் பொன்னுத்தங்கம் எடுத்தாள்.

"எல்லாருக்கும் வணக்கம். ஒரு விஷயம் சொல்லணும். நம்ம நடுவரை யாரும் கடத்தல. அவரு மகனுக்கு எம் மக கீர்த்திகாவைப் பேசியிருக்கு."

கூட்டத்தில் கிசுகிசுப்பு ஓடியது. ஆடி மாதத்தில் மைக்கில் கல்யாணப் பேச்சா!

"ஆடியில சொல்லக்கூடாதுதான். சொல்லாம மறைச்சா அது இந்த லீக்குக்குப் பண்ற துரோகம். நடுவருக்கு உறவான நான் நிர்வாகத்துல இருக்கக்கூடாது. அதனால இந்த நிமிஷத்துல இருந்து செயலாளர் பதவியை விட்டு விலகிக்கிறேன். இனிமே முனியராஜ்தான் பொறுப்பு. நடுவர் சம்மதமான்னு ரெண்டு கேப்டனும் சொல்லணும்."

சொல்லி முடித்தபோது குரல் உடைந்தது. அதை மைக் எல்லோருக்கும் போட்டுக் காட்டியது.

சரவெடி கேப்டன் ஓவியா கையைத் தூக்கினாள். காரவத்தல் கேப்டன் அழகுமீனாவும் தூக்கினாள்.

பிரபாகரன் மேடையில் திரும்பினார். "கௌரவத் தலைவர் என்ன சொல்றீங்க?"

ரத்தினசாமி வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். எல்லோருக்கும் பகீரென்றது.

"நான் எந்த நாற்காலியில உக்காந்தாலும் நானா எந்திரிச்சதில்ல. பிடிச்சுத்தான் எழுப்புவாக. இந்தம்மா தானா எந்திரிச்சிருக்கு. எனக்கு ஆட்சேபம் இல்ல. நடத்துங்க."

ஓவியாவின் தாய் சண்முகத்தாய் முதலில் குலவை போட்டாள். அடுத்த நொடி அந்த மைதானத்துப் பெண்கள் அத்தனை பேரும் போட்டார்கள். ஆடி என்ன, ஆவணி என்ன! கீர்த்திகா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

நல்லசிவம் மைக்கில் உறுதிமொழி சொன்னார். ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

நாலு மணிக்கு விசில் ஒலித்தது!

பொன்னுத்தங்கம் கயிற்றுக்கு வெளியே, கடலை விற்பவர் பக்கத்தில் நின்றாள். உள்ளே முனியராஜ் அங்குமிங்கும் ஓடினான். ஸ்கோர் போர்டு ஒரு முறை நின்றது. "அங்கன வயரைப் பாருலே" என்று கத்த வாயெடுத்தாள். அதற்குள் மாற்று ஆள் வந்து சரிசெய்துவிட்டான். அழகுமீனா காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தாள். பொன்னுத்தங்கம் கயிற்றைத் தாண்டப் போனாள். ஸ்ட்ரெச்சர் அவளுக்கு முன்னால் போய்விட்டது.

அவள் இல்லாமலே எல்லாம் நடந்தது. பெருமையும் துக்கமும் சரிபாதியாக இருந்தன.

கடைசி ரெய்டு. ஓவியாவின் விரல் கோட்டைத் தொட்டதா, இல்லையா? நல்லசிவம் குனிந்து பார்த்தார். இல்லை என்று கை விரித்தார். ஒரு புள்ளியில் காரவத்தல் வென்றது. ரத்தினசாமி எழுந்தார், யோசித்தார், உட்கார்ந்தார். ஓவியா மண்ணைத் தட்டிவிட்டு எழுந்து நடுவருக்குக் கை கொடுத்தாள்.

பிரபாகரன் மைக்கில் இரண்டே வரி பேசினார். லீக்குக்கு அங்கீகாரம். இரண்டு அணிச் சான்றிதழும் செல்லும். ஓவியா ஓடி வந்து கயிற்றுக்கு மேலாகப் பொன்னுத்தங்கத்தைக் கட்டிக்கொண்டாள்.

பாண்டிராஜ் செந்தூர்பாண்டியின் தோளில் கை போட்டார். "தடயவியல் ஆளுங்க மதுரையில இருந்து வந்து வெறும் மையைச் சுரண்டிட்டுப் போறாங்க. அந்த ரூமை நீங்களே சோப்புப் போட்டுக் கழுவுங்க. அப்புறம் பேசலாம்."

கூட்டம் கலைந்தபோது பிரபாகரன் கடலை வண்டிப் பக்கம் வந்தார்.

"மேடம், மாநிலக் கழகத்துல நிர்வாகச் செயலாளர் பதவி காலியா இருக்கு. எனக்கு அடுத்த பொறுப்பு. உங்களை மாதிரி ஒருத்தரைத்தான் தேடிட்டிருந்தோம். வர்றீங்களா?"

பொன்னுத்தங்கம் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வர்றேன் சார். அதுக்கு முன்ன ஒண்ணு மட்டும் ஒளிக்காமச் சொல்லிருங்க. உங்க வீட்டுல கல்யாண வயசுல பையன் இருக்கானா? எனக்கு இன்னொரு மக இருக்கா."